கோல்டன்ராட் கூன்வண்டை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு

வட அமெரிக்காவில் பூச்சியியல் படித்துக்கொண்டு சின்ன ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? மஞ்சள் பூ பூக்கும் கோல்டன்ராட் செடியில் கிடைக்கும், யாரும் அதிகம் கவனிக்காத கூன்வண்டு (முகம் மூக்குப் போல நீண்டிருக்கும் வண்டு, weevil) ஒன்றை எடுங்கள். கூன்வண்டுக் குடும்பத்தில் 50,000-க்கும் அதிகமான இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் அவற்றில் பலவற்றின் புழு எந்தச் செடியில், எந்தப் பாகத்தில் வளர்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மாணவராக இருந்தே புதிதாக ஒன்றைச் சொல்ல இங்கே நிறைய இடம் இருக்கிறது.

நான் இந்த வேலையைச் செய்தபோது நன்றாகப் புரிந்த விஷயம், பூவில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக அது அந்தச் செடியின் வண்டு ஆகிவிடாது என்பதுதான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மஞ்சள் பூ பூக்கும்போது மகரந்தம் தின்ன என்னென்னவோ வரும். புழு உள்ளேயே வளர்ந்து வண்டாக வெளியே வந்தால்தான் உணவுச்செடி என்று எழுதலாம். அதனால் தண்டையும் பூத்தலையையும் வெட்டி வந்து, காற்றுப் போகும் டப்பாவில் வைத்து வளர்த்துப் பாருங்கள்.

சில தண்டுகளைப் பிளந்தும் பார்க்க வேண்டும். கூன்வண்டின் புழு வளைந்து கிடக்கும். கால் கிடையாது, தலை மட்டும் பழுப்பாகக் கெட்டியாக இருக்கும். உருண்டையாகப் புடைத்த தண்டுக்குள் யூரோஸ்டா ஈயின் புழு இருக்கலாம். அதற்குக் காலும் இல்லை, தனியாகத் தெரியும் தலையும் இல்லை. தண்டுக்குள் கிடைக்கும் இன்னொரு வண்டான மோர்டெல்லிஸ்டெனாவின் புழுவுக்கோ மார்பில் குட்டிக் கால்கள் உண்டு. செய்முறைத் தேர்வுக்கும் இந்த வித்தியாசம் கைகொடுக்கும்.

வளர்ந்த வண்டைப் பிடிக்க வலையைவிட வெள்ளைத் தட்டுதான் நல்லது. செடியைத் தொட்டதுமே காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்துவிடும். அப்புறம் நுண்ணோக்கியில் நிறத்தை நம்பாதீர்கள். மேலே உள்ள செதில்கள் உதிர்ந்தால் ஒரே இனம் இரண்டு இனம் போலத் தெரியும். மூக்கின் நீளம், உணர்கொம்பு மூக்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதன் முதல் கணு படியும் பள்ளம் ஆகியவற்றை வரைந்து பழகுங்கள்.

செடியை அடையாளம் காண்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கோல்டன்ராட் என்பது ஒரு செடி அல்ல, சொலிடாகோ என்ற பேரினத்தைச் சேர்ந்த 100-க்கும் மேற்பட்ட இனங்கள். சொலிடாகோ ஜைகான்டியாவின் தண்டு வழவழப்பாக இருக்கும், சொலிடாகோ அல்டிசிமாவின் தண்டில் மயிர் இருக்கும். வண்டு எடுத்த அதே செடியின் கிளையைத் தண்டு, இலை, பூவோடு அழுத்திக் காயவைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சீட்டில் எழுதிவிடுங்கள்.