டெம்மி புத்தகத்துக்கு ஒரு லேடெக் வார்ப்புரு

எங்கள் வாசகர் வட்டம் ஆண்டுதோறும் ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் பக்க அமைப்பை முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. இந்த முறை, கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கில் நிலையான வார்ப்புரு ஒன்றைச் செய்துவிடலாம் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

யூனிகோடு தமிழுக்கு லேடெக்கின் ஸீலேடெக் வடிவம் போதும். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் என்ற துணைநிரலில் அதன் பெயரோடு 'ஸ்கிரிப்ட்' தமிழ் என்றும் சொல்லவேண்டும். அதை விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

அடுத்தது ஓரங்கள். ஜியோமெட்ரி என்ற துணைநிரலில் நான்கு ஓரத்தையும் நாமே சொல்லலாம். ஆனால் கோமா-ஸ்கிரிப்ட் என்ற துணைநிரல் வரிசையில் உள்ள டைப்ஏரியாவைத்தான் நான் பரிந்துரைப்பேன். அது தாளைச் சம பட்டைகளாகப் பிரித்து, உள் ஓரத்துக்கு ஒன்று, வெளி ஓரத்துக்கு இரண்டு, மிச்சம் எழுத்துக்கு என்று ஒதுக்குகிறது. எங்கள் டெம்மி தாள் 140 மி.மீ. அகலம். பைண்டிங்குக்கு 8 மி.மீ. விட்டு, மீதி 132-ஐ 11 பட்டையாக்கினால் ஒரு பட்டை 12 மி.மீ.; எழுத்துப் பகுதி 96 மி.மீ. புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கிற அழகு இதில் வருகிறது. தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்கு 16 புள்ளி வைத்தேன். இடைவெளியை மாற்றியதும் 'ரீகால்க்டைப்ஏரியா' கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் பக்க உயரம் முழு வரிகளாகக் கணக்கிடப்படும்.

உண்மையான வேலை வரி முறிப்பில்தான். நம் சொற்கள் நீளமானவை. முறிக்காமல் விட்டால் வரிக்குள் வெள்ளை ஓட்டைகள் விழுகின்றன. மொழிகளுக்கான துணைநிரலான பாலிகிளாஸியாவில் தமிழை முதன்மை மொழியாக்கினால் சொல் முறிப்பு விதிகள் தாமாக வந்துவிடும். ஆனால் முறியும் இடமெல்லாம் சிறுகோடு விழும். தமிழ் நூல்களில் கோடு போடாமல் மடக்குவதுதான் கண்ணுக்குப் பழகிய வழக்கம். ஃபான்ட்ஸ்பெக்கின் 'ஹைஃபன்சார்' விருப்பத்தில், அகலமே இல்லாத யூனிகோடு 200சி குறியைக் கொடுத்தேன். கோடு மறைந்தது, பத்திகள் சீராக நிறைந்தன. தமிழில் புத்தகம் செய்கிற ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு வரி தெரிந்திருக்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும் கட்டுரைக் கோப்பில் எழுதாமல், கோமா-ஸ்கிரிப்ட்டின் புத்தக வகுப்பான (புத்தக அமைப்பு விதிகள் கொண்ட கோப்பு) ஸ்கிர்புக்கின்மேல் ஏற்றிய தனி வகுப்புக் கோப்பில் வைத்திருக்கிறேன். 'பொருளடக்கம்', 'இயல்' போன்ற தலைப்புகளும் அங்கேயே. தட்டச்சு செய்கிறவர் தலைப்பையும் பத்தியையும் மட்டும் பார்த்தால் போதும்.

அச்சகம் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கிடுவதால், கடைசி ஃபாரத்தில் இரண்டு மூன்று பக்கம் வழிந்தால் பட்டை எண்ணிக்கையை ஒன்று கூட்டிப் பார்க்கிறேன்; பட்டை மெலிந்து எழுத்துப் பகுதி விரியும். அடுத்த தொகுப்பில் கவிதைகளும் வருகின்றன. மடங்கிய அடியை உள்தள்ளிக் காட்ட வெர்ஸ் என்ற துணைநிரலை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.