கச்சான் குடித்த உன்னிச்சைக் குளம்

முதலில் ஓட்டோ விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. மட்டக்களப்பு டவுனிலிருந்து உன்னிச்சைக் குளத்துக்குப் போய்வர 5,000 ரூபா என்று பேசித்தான் ஏறினேன். குளக்கட்டில் ஒரு மணித்தியாலம் நின்றதும், "வெயிற்றிங்குக்கு இன்னும் 1,500 தாங்க அண்ணன்" என்றார். "ஏறக்குள்ளயே சொல்லியிருக்கணுமே தம்பி" என்றேன். "கச்சானுக்குள்ள நிக்கிறது லேசில்ல அண்ணன்." கடைசியில் 1,000 கொடுத்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது. போகிறவர்கள் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள்.

ஆனால் கச்சானைப் பற்றி அவர் சொன்னது உண்மை. (இங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். நான் சொல்வது தென்மேல் பருவத்தில் மலை தாண்டி இங்கே அடிக்கும் வறண்ட சூட்டுக்காற்றை.)

இரண்டு நாளைக்கு முன்புதான் நுவரெலியாவில் நின்றேன். 1873இல் கட்டிய கிரகரி வாவி, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. விடியற்காலையில் தூறல் விட்டிருந்த நேரம், தண்ணீரிலிருந்து வெள்ளையாய் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இரவில் காற்று குளிர்ந்துவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் வாவிதான் காற்றுக்குச் சூடும் ஈரமும் கொடுக்கிறது. ஸ்வெட்டருக்குள் கையை விட்டபடி அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டே நின்றேன். தேத்தண்ணி விலைதான் அநியாயம்.

அங்கிருந்து பதுளை. பதுளையில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினால் இருக்கை கிழிசல், யன்னல் கண்ணாடி நகரவே இல்லை, பையை மடியில் வைத்தபடி முழுப் பயணமும். பிபிலை தாண்டி மகாஓயா பக்கம் வரும்போது முகத்தில் அடுப்புக்காற்று அடித்தது. நுவரெலியாவை நனைத்த அதே தென்மேல் பருவக்காற்றுதான். மழையை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை சூடேறும். செங்கலடி வந்து சேரும்போது அதற்குத் தாகம் பிடித்திருக்கும்.

அந்தத் தாகத்தை உன்னிச்சையில் கண்ணால் பார்க்கலாம். குளக்கட்டுக் கற்களில் தண்ணீர் இறங்கிய கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தெரிந்தன. சிறுபோக நெல்லுக்குத் துருசு (மதகு) திறந்து போனது ஒரு பங்கு. மற்றதைக் கேட்டதற்கு, அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்த ஐயா, "கச்சான் குடிச்சிட்டுது மகன்" என்றார். மட்டக்களப்பு டவுனின் குழாய்த் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்து போவது. ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் ஒரு சதுரக் கிலோமீற்றரில் 50 லட்சம் லீற்றர் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது.

"மலையில இந்தக் கரைச்சல் இல்ல, குளிருக்குத் தண்ணி வத்தாது" என்றார் ஐயா. நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். தென் அமெரிக்காவில் 3,812 மீற்றர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியைப் பற்றிச் சொன்னேன். கை விறைக்கும் குளிர். ஆனால் அந்த ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகத்தான் போகிறது, ஆற்றில் போவது மிகக் கொஞ்சம். திபெத்தின் நம்ட்ஸோ ஏரி 4,700 மீற்றருக்கும் மேலே. கோடையில் சேர்த்துவைத்த சூட்டை அது இலையுதிர் காலத்தில்தான் விடுகிறது. வெயில் தணிந்து, பனிக்கட்டி மூடும் வரைக்கும் ஆவி போய்க்கொண்டே இருக்கும்.

"குளிருக்குள்ள எப்படி மகன்?" என்றவர், நான் வாய் திறக்கமுன் தானே சொன்னார்: "ராவில காயப்போட்ட சாரமும் கச்சானுக்கு விடியக்குள்ள காஞ்சிடும்தானே."

அதேதான்! வெயிலே இல்லாமல் காற்றும் வறட்சியும் சேர்ந்து தூக்கிவிடும். உயரத்தில் இன்னொன்றும் சேர்கிறது. நம்ட்ஸோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். மெல்லிய காற்று தொட்டு எடுத்துப்போகும் சூடு குறைவு. ஆகவே ஏரி விடும் வெப்பத்தில் கூடிய பங்கு ஆவியோடு போகிறது. இந்த இரண்டு பங்குகளுக்கும் உள்ள விகிதத்தை 1926இல் போவன் என்ற அமெரிக்கர் கணக்காக்கினார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது.

திரும்பும் வழியில் ஆயித்தியமலைப் பக்கம் ஒரு கடையில் எருமைத் தயிர். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் இதற்கு இணை எதுவும் இல்லை. கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல இறுகியிருந்தது, மேலே பாணி ஊற்றித் தந்தார் கடைக்கார அக்கா. குளிர்சாதனப் பெட்டி அந்தக் கடையில் இல்லை, ஆனால் தயிர் ஜில்லென்று இருந்தது. சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், லேசாக ஈரம். மண்ணின் துளைகளால் கசிந்த நீர் கச்சானில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 580 கலோரி அளவுக்கு வேண்டும், அதைத் தயிரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. குளத்தை வற்றவைக்கும் காற்றுத்தான் தயிரைக் குளிரவைக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அதுதான் நாங்க சட்டியக் காத்துப் படுற பக்கம் வைக்கிறது" என்றார்.

டவுனுக்கு ஒரு சட்டி வாங்கிக்கொண்டேன். ஓட்டோத் தம்பிக்கும் ஒரு கிண்ணம் சொன்னேன், அதற்கான காசை அக்கா என்னிடம் வாங்கத் தம்பி விடவில்லை, தானே கொடுத்துவிட்டார்.