எடுக்கச் சொன்ன வரி

‘லேட் புரதம் டி செல்லுக்கு ஆக்சிலரேட்டர் மட்டுமல்ல, பிரேக்கும்கூட.’ எங்கள் ஆய்வகத்து மாணவி தீசிஸில் எழுதியிருந்த இந்த வரியை எடுக்கச் சொன்னேன். டி செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளணு, லேட் அதற்குள் சமிக்ஞையைக் கடத்தும் புரதம். எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் வேலை செய்தது ஜுர்கட் செல்களில், ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி செல் வகையில். லேட்டின் 132-ஆம் இடத்து அமினோ அமிலமான டைரோசினை மாற்றினாள். பிஎல்சி காமா 1 என்ற நொதி அங்கே வந்து ஒட்டவில்லை, செல் கிளம்புவதற்கான கால்சியம் சரியாக ஏறவில்லை. ஜுர்கட் ரத்தப் புற்றுநோயிலிருந்து வந்த செல், தானாகவே பெருகுவது. அதில் பிரேக் அறுந்ததை எப்படிக் காட்டுவது?

“அது எலியில மத்தவங்க பார்த்ததும்மா” என்றேன்.

“எலியில நடந்தது தெரிஞ்ச பிறகும் ஆக்சிலரேட்டர்னு மட்டும் எழுதினா, அது பாதி உண்மைதானே அக்கா?”

உன் தரவு காட்டுவதை மட்டும் எழுது என்றேன். எடுத்துவிட்டாள்.

அவள் சொன்ன எலிகள் எனக்கும் தெரிந்தவைதான். லேட்டே இல்லாமல் பிறக்கும் எலியில் டி செல்கள் உருவாவதில்லை. ஆனால் அதே ஒரு டைரோசினை மட்டும் மாற்றிய எலிகளை 2002-இல் இரண்டு குழுக்கள் வெளியிட்டபோது, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருந்தன. ஒவ்வாமையைத் தூண்டும் டிஎச்2 வகை டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, ஒவ்வாமை ஆன்டிபாடியான ஐஜிஇ எகிறியிருந்தது. தைமஸ் சுரப்பியில் டி செல்களின் தேர்வு கெட்டுப்போனதால், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைந்ததால் என்று விளக்கம் சொல்லிக்கொள்ளலாம், நானும் சொல்லிக்கொண்டேன். ஆனால் 2009-இல், தைமஸைத் தாண்டி முதிர்ந்த சிடி4 வகை டி செல்களிலிருந்து லேட்டை நீக்கியபோதும் அதே மாதிரி நோய் வந்தது.

லேட்டுக்கு நொதிச் செயல் கிடையாது. ஜாப்-70 என்ற நொதி அதன்மேல் பாஸ்பேட்டுகளை வைக்கிறது. அந்த இடங்களில் கிரப்2, எஸ்எல்பி-76-ஐக் கூட்டிவரும் கேட்ஸ் போன்ற புரதங்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. வருபவர்களைப் பொறுத்துத்தான் வேலை என்றால், லேட்டுக்குத் தனியாக ஒரு பெயர் சூட்டுவதே பொருந்துமா? இந்த வாதம் என் பக்கம் நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இதன்படி ஆக்சிலரேட்டரையும் அல்லவா எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. 132-க்கு முன்னால் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தால்தான் அங்கே பாஸ்பேட் ஏறுவது தாமதமாகிறது என்று ஆர்தர் வைஸ் குழு 2019-இல் காட்டியது. அதை அஸ்பார்டேட்டாக மாற்றினால் பாஸ்பேட் வேகமாக ஏறுகிறது, பலவீனமாகத் தூண்டும் ஆன்டிஜெனுக்கும் செல் கிளம்பிவிடுகிறது. கால்சியத்தை ஏற்றும் அதே இடம்தான் அவசரப்படாமல் தடுக்கவும் செய்கிறது. இதை ஜுர்கட்டிலும் காட்டியிருந்தார்கள்.

அந்த வரியை விவாதப் பகுதிக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். மாற்றியிருந்தால் வைவாவில் “இதை நீ எங்கே பார்த்தாய்?” என்று கேட்டிருப்பார்கள், அவளிடம் காட்ட ஒரு கிராஃப்கூட இருந்திருக்காது. அதிலிருந்து அவளைக் காப்பாற்றினேன் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள், அந்தக் கேள்விக்கு அவளே நின்று பதில் சொல்லியிருப்பாள் என்றும் தோன்றுகிறது.