காகிதக் கூழில் ஒரு முதலை

குரங்கு முகமூடி மூன்றே நாளில் முடிந்தது. முதலைக்குப் பதினோரு நாள். பாதி வெயிலால், பாதி கண்ணால்.

அக்கா பையனுக்கு லீவு. சத்துவாச்சாரி வீட்டு மாடியில் குரங்கு-முதலைக் கதையைப் போட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பக்குவம் அம்மாவுடையது: பழைய பேப்பரை இரண்டு நாள் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுவது. இப்படித்தான் அம்மா முன்பு காகிதக் கூடை செய்வாள். வெந்தயம் போட்டால் கூழ் பிடித்துக்கொள்ளும், பூச்சியும் வராது என்பாள். மிக்ஸியில் அரைக்கப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

இரண்டு லிட்டர் பாட்டிலை நெடுக வெட்டி, அதன்மேல் கூழை அப்பி மொட்டை மாடியில் வைத்தேன். வேலூர் மே மாத வெயில்! மேல்புறம் காய்ந்து இறுக, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, சாயங்காலத்துக்குள் மூக்கு வெடித்துவிட்டது. அடுத்ததை நிழலில், மெல்லிசாக நாலு பூச்சு. பல்லுக்குப் பூசணி விதை. மேல்தாடையில் கயிறு கட்டி ஆட்டிவிட்டு, அப்புறம் அவிழ்த்தேன். முதலைக்கு அசைவது கீழ்த்தாடைதான். தலையைத் தூக்கிக்கொண்டு வாய் பிளப்பதால் மேல்தாடை அசைகிற மாதிரி தெரிகிறது.

முதலில் சிவப்பாக முறைக்கிற கண் வரைந்தேன். கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று தாத்தா சொல்லிச் சொல்லி, எனக்கு முதலை என்றாலே அந்தக் கண்தான். பஞ்சதந்திரத்தைத் திரும்ப எடுத்துப் படித்ததும் கை நின்றுவிட்டது. நடுக்கடலில் முதலை தானாகத்தான் உண்மையைச் சொல்கிறது: உன்னைக் கொல்லத்தான் கூட்டிப் போகிறேன், இஷ்ட தெய்வத்தை நினைத்துக்கொள் என்று. இனி எங்கே தப்பப்போகிறான் என்ற மிதப்பா, நாவல் பழம் தின்ற நன்றியா? வாயை மூடிக்கொண்டிருந்தால் குரங்கு செத்திருக்கும். ஜாதகக் கதையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரண்டும் சிநேகிதர்களே இல்லை. மாம்பழம், பலாப்பழம் என்று ஆசை காட்டி ஏற்றிக்கொண்டு போகிறது, குரங்கும் என் இதயம் அதோ அத்திமரத்தில் தொங்குகிறது என்கிறது. எனக்கென்னவோ பஞ்சதந்திர முதலைதான் மனதை அறுக்கிறது.

சிவப்பை அழித்து, ஒரு கண்ணைப் பாதி மூடியும் இன்னொன்றை அகலமாகவும் வரைந்தேன். பையன் எட்டிப் பார்த்து, “இன்னா மாமா, இது அழுவுதா, சிரிக்குதா?” என்றான். அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஏழு பிள்ளைகள். முதலை பொண்டாட்டி கேட்ட குரங்கு இதயத்துக்கு ஒரு முள்ளுக் கத்தரிக்காய். இலவம்பாடிக் காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பு முள் குத்தி குரங்கே “ஆ” என்று கத்திவிட்டது. அதுக்குத்தான் கைதட்டல்.

முடிந்ததும் பையன் கேட்டான்: “முதல ஊட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட இன்னா சொல்லும்?” மூலக்கதையில் போய்ச் சொல்லவே முடியாது, அவள் பட்டினி கிடந்து செத்துப்போன சேதி வந்துவிடும். புருஷன் ஒரு பெண் குரங்கோடு பழகுகிறான் என்று சந்தேகப்பட்டவள். நான், “நாளைக்குச் சொல்றேன்டா” என்றேன்.

நேற்று ராத்திரி மறுபடி பேப்பர் ஊறப்போட்டிருக்கிறேன், அவளுக்கு.