மணிக்கூண்டின் நிழல்: ஓர் உம்ரா நாட்குறிப்பு

11 ஜனவரி 2025, சனி

மக்கா யாத்திரையான உம்ராவுக்கு, கொச்சியில் விமானம் ஏறும் முன்பே இஹ்ராம் துணியை உடுத்தாயிற்று. ஜித்தாவிலிருந்து பஸ். எங்கள் குழுவை அழைத்து வந்த ஹஜ்ரத் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கஃபா இருக்கும் பெரிய பள்ளிவாசலான ஹரத்துக்குள் போகும்வரை தலையைக் குனிந்தே வாருங்கள், கஃபா முதன்முதலாகக் கண்ணில் படும் நேரத்தில் கேட்கிற துஆவை வீணாக்கிவிடாதீர்கள்.

நான் குனியவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தவனுக்கு அது எப்படி முடியும்? ஊர் இன்னும் வரவேயில்லை, மலைகள்தான் கறுப்பாக நின்றன. அவற்றுக்கு மேலே பச்சையாக ஒரு வட்டம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் இரண்டு வெள்ளை முட்களும் தெரிந்தன. பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் யாத்திரை முழக்கமான தல்பியாவை நிறுத்திவிட்டு போனைத் தூக்கிவிட்டார்கள். ஆக, மக்காவில் நான் முதலில் பார்த்தது கஃபாவை இல்லை, மணி எட்டே முக்கால் ஆனதை.

அம்மா மட்டும் குனிந்தபடியே வந்தார்கள். 71 வயது. ஹரத்தின் படியில் இறங்கும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்து வந்தார்கள். "இப்ப பாருங்கம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்கள். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம்.

12 ஜனவரி, ஞாயிறு

ஊரில் தந்த நோட்டீசில் "ஹரத்துக்கு 300 மீட்டரில் தங்குமிடம்" என்று போட்டிருந்தது. எங்களை இறக்கிவிட்டது மிஸ்ஃபலா என்ற பகுதியில். எந்த மீட்டரில் அளந்தார்களோ, போனில் பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். கேட்டதற்கு, "பஸ் இருக்குல்ல பாய்" என்று பதில் வந்தது. சரி, சண்டை போட வந்த இடமில்லை.

இந்த ஊரில் தங்குமிடத்துக்கு விலை வைப்பதே ஹரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதை வைத்துத்தான். அந்த விலைப்பட்டியலின் உச்சியில் நிற்பது நேற்று பஸ்ஸிலிருந்து பார்த்த கடிகாரக் கோபுரம். அது இருக்கும் அப்ராஜ் அல் பைத் வளாகத்தில் மொத்தம் ஏழு கோபுரங்கள். நடுவில் நிற்கும் கடிகாரக் கோபுரத்தின் உயரம் 601 மீட்டர், மாடி 120. 2012-ல் கட்டி முடித்தபோது உலகக் கட்டடங்களில் இதைவிட உயரமாக இருந்தது துபாயின் புர்ஜ் கலீஃபா மட்டும்தான். கீழே வணிக வளாகம், மேலே ஹோட்டல்கள், குடியிருப்புகள். "கஃபா தெரியும் அறை" என்றால் அதற்குத் தனி விலை. மன்னர் அப்துல் அஸீஸ் பெயரில் ஹரமுக்கான வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக எழுப்பியது என்பதால், வருமானம் பள்ளிவாசலுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கஃபாவின் உயரம் சுமார் 13 மீட்டர். நாற்பத்தாறு கஃபாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உச்சியைத் தொடலாம். கட்டட வேலையில் முப்பது வருடம் ஓட்டியவன், இந்தக் கணக்கைப் போடாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இந்த மனக்கசப்பு எதுவும் கிடையாது. பார்த்த உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: மணிக்கூண்டு. திண்டுக்கல்காரர்கள் வேறென்ன சொல்வோம். "மணிக்கூண்டு எங்கே தெரியுதோ அங்கே ஹரம், அவ்வளவுதானே" என்றார்கள்.

13 ஜனவரி, திங்கள்

சுபுஹு தொழுகைக்குப் பிறகு நன்னாவைப் பற்றிப் பேச்சு வந்தது. நன்னா, அதாவது அம்மாவின் அத்தா (அப்பா), 1974-ல் பம்பாயில் கப்பலேறி ஹஜ்ஜுக்கு வந்தவர். திரும்பியபோது கொண்டுவந்த படம் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. கஃபா, சுற்றிலும் வளைவு வளைவாகத் துருக்கிய மண்டபங்கள், பின்னால் ஒரு குன்று, குன்றின்மேல் ஒரு கோட்டை. சின்ன வயதில் அந்தக் கோட்டையைக் காட்டி நன்னா சொல்வது ஒரே வரிதான்: "நம்ம மலைக்கோட்டை மாதிரி அங்கேயும் ஒண்ணு இருக்குடா."

அதுதான் அஜ்யாத் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், உஸ்மானியத் துருக்கியர் காலத்தில், ஹரத்தையும் ஊரையும் காக்க எழுப்பியது. 2002 ஜனவரியில் அதை இடித்தார்கள். துருக்கி அரசு கடுமையாகக் கண்டித்தது, எங்கள் மண்ணில் எதைக் கட்டுவது என்பது எங்கள் விஷயம் என்று சவூதி பதில் சொல்லிவிட்டது. கோட்டை போனதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது குன்று போனது. புல்புல் குன்று என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒரு மலையையே மட்டமாக்கிவிட்டு, அந்த இடத்தில்தான் இந்த மணிக்கூண்டு நிற்கிறது.

எங்கள் ஊரில் மலைக்கோட்டையும் இருக்கிறது, மணிக்கூண்டும் இருக்கிறது. ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று என்று யாரும் சொல்லவில்லை. நல்லவேளை, அங்கே நிலத்துக்கு இந்த விலை இல்லை.

14 ஜனவரி, செவ்வாய்

உம்ராவை முடித்து இஹ்ராமைக் களைந்துவிட்ட ஆண்களைக் கஃபாவைச் சுற்றி வரும் கீழ்த்தள மதாஃபுக்கு இப்போது விடுவதில்லை. மேல் தளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்தத் தடை இல்லாததால் அம்மா குழுவின் பெண்களோடு கீழே போய்விடுகிறார்கள். நான் மேலே தனியாக.

இன்று நண்பகல் தொழுகையான லுஹருக்கு முன் கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைத்தது. வெள்ளைப் பளிங்கு வெயிலில் கண்ணைக் கூசியது. அதன்மேல் கோபுரத்தின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் அது நகர்வது தெரிந்தது.

இது வெறும் வடிவியல்தான். கோபுரம் கஃபாவுக்கு நேர் தெற்கே, ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி நிற்கிறது. மக்கா இருப்பது 21½ பாகை வடக்கில். ஜனவரி நடுவில் உச்சிப்பொழுதிலேயே சூரியன் 47 பாகைக்கு மேல் ஏறாது. 601 மீட்டர் உயரத்துக்கு அப்போது அரைக் கிலோமீட்டருக்கு மேல் நிழல் விழும், அதுவும் நேர் வடக்கே. பாங்குக்கும் உச்சிப்பொழுதுக்கும் நெருக்கம் என்பதால், லுஹர் பாங்கு சொல்லும் வேளையில் அந்த நிழல் கஃபாவைச் சுற்றித் தவாஃப் செய்கிறவர்கள்மேல் கடந்து போகிறது. கோடையில் இந்தத் தொந்தரவு இல்லை. மே 28, ஜூலை 16 ஆகிய நாட்களையொட்டி சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேர் மேலே வந்துவிடும், அப்போது கோபுரத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நாட்களில்தான் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் சூரியனைப் பார்த்து, தொழும் திசையான கிப்லாவைச் சரிபார்ப்பார்கள்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதானா, திடீர்னு குளுகுளுன்னு இருந்துச்சு" என்றார்கள்.

15 ஜனவரி, புதன்

காலையில் ஸியாரத், அதாவது புனித இடங்களைப் பார்க்கும் சுற்று. ஸூக்குல் லைல் பக்கம் ஒரு நூலகக் கட்டடத்தைக் காட்டினார்கள். நபிகள் நாயகம் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடம் அது. அம்மா பஸ்ஸிலிருந்தே ஸலவாத் ஓதினார்கள்.

பழைய மக்காவை அளந்து, படம் எடுத்து, பதிந்து வைத்தவர்களில் முக்கியமானவர் ஸாமி அங்காவி. இந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர். 1975-ல் ஹஜ் ஆய்வு மையத்தைத் தொடங்கி, வருகிற கூட்டத்துக்கு இடம் செய்வது எப்படி என்று ஆராய்ந்தவர். இடம் வேண்டாம் என்று சொன்னவர் இல்லை அவர். ஹரத்தை ஒட்டி இப்படி உயரக் கூடாது என்றுதான் சொல்லி வந்தார். கேட்டவர்கள் குறைவு.

மாலை வணிக வளாகத்தில் டீ குடிக்கும்போது எங்கள் குழுவில் ஒரு பெரியவர் நபிமொழிகளில் ஒன்றான ஜிப்ரீல் ஹதீஸை எடுத்தார். வெறுங்காலோடு ஆடு மேய்த்தவர்கள் உயரமான கட்டடங்கள் கட்டுவதில் போட்டி போடுவார்கள், அது மறுமை நெருங்கியதன் அடையாளங்களில் ஒன்று. கண்ணை உருட்டிச் சொன்னார். கையில் ஐஸ்கிரீம். ஏஸி வேறு நன்றாக இருந்தது. நானும் தலையாட்டினேன், எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

16 ஜனவரி, வியாழன்

கோபுரத்தின் மேல்பகுதியில் 2019 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இஷா தொழுகைக்குப் பிறகு டிக்கெட் எடுக்கலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "எதுக்கு?"

"மேலேருந்து கஃபாவைப் பார்க்கலாம்மா."

"கஃபாவை மேலேருந்தா? நீ போயிட்டு வா தம்பி, எனக்குக் கால் வலிக்குது."

கால் வலி உண்மைதான். ஆனால் அது முதலில் வரவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தது. நான் கவனித்தேன். இருந்தாலும் போனேன்.

நான்கு தளங்கள். சூரிய சந்திரக் கணக்கு, காலம் அளந்த கருவிகள், கடைசியில் இந்தக் கடிகாரத்தைச் செய்த கதை. பொய் சொல்ல முடியாது, ஒன்றரை மணி நேரம் நான் இருக்கும் இடமே மறந்துபோனது. முகப்பின் குறுக்களவு 43 மீட்டர், லண்டன் பிக் பென்னுடையதைப்போல ஆறு மடங்கு. நிமிட முள் மட்டும் ஏழு மாடி உயரம் இருக்கும். அந்த நீளத்தில் இரும்பைப் போட்டால் கனம் தாங்காது என்று கார்பன் இழையில் செய்திருக்கிறார்கள். செய்தது ஜெர்மனியின் பெர்ரோட் நிறுவனம், பரம்பரையாகக் கோபுரக் கடிகாரம் செய்கிறவர்கள். மேல்பகுதியை வடிவமைத்தவர் மஹ்மூத் போதோ ராஷ், இஸ்லாத்தைத் தழுவிய ஜெர்மானியர். மதீனாப் பள்ளிவாசல் முற்றத்தில் விரிந்து மடங்கும் குடைகள் இருக்கின்றனவே, அவையும் அவர் நிறுவனத்தின் வேலைதான். அந்தக் குடைகளை யார்தான் குறை சொல்வார்கள்? நிழலும் கொடுத்து, வேலை முடிந்ததும் மடங்கிக்கொள்கின்றன.

வெளி மாடத்துக்கு வந்தேன். நல்ல காற்று. கீழே வெளிச்சத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ மெதுவாகச் சுழன்றது. ஆட்கள் என்று சொன்னால்தான் தெரியும். நேற்று அந்தப் புள்ளியின் திரைச்சீலையை எட்டிப் பிடித்து அழுத ஒரு பெரியவரை மேல் தளத்திலிருந்து பார்த்திருந்தேன். இங்கிருந்து பார்த்தால் யாரும் அழுவது தெரியாது. படம் எடுக்கப் போனைத் தூக்கிவிட்டு, எடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இறங்கும்போது காது அடைத்தது.

17 ஜனவரி, வெள்ளி

அம்மாவைத் தொலைத்துவிட்டேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஒன்றாம் எண் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம், தொழுகை வரிசைகள் வணிக வளாகத்தின் வாசல்வரைக்கும் நீண்டிருந்தன. ஒரு மணி நேரம் நின்றேன். வரவில்லை. போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குழுவின் பெண்களைக் கேட்டால், "மணிக்கூண்டு தெரியுது, நான் போயிக்குவேன்னு சொன்னாங்களே" என்றார்கள்.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிகாரத்துக்கு முகம் நான்கு. எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்தாலும் அதே கடிகாரம், அதே மணி. ஹரத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கம் இப்ராஹீம் கலீல் சாலை, எங்கள் மிஸ்ஃபலாவுக்குப் போகும் வழி. அம்மா ஸஃபா பக்கமாக வெளியே வந்து இடப்பக்கம் இறங்கிவிட்டார்கள். வழி தப்பிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் மணிக்கூண்டு "சரியாகத்தான் போகிறாய்" என்று சொல்லியிருக்கிறது.

கண்டுபிடித்தபோது ஒரு ஜூஸ் கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆரஞ்சு ஜூஸ். கடைப் பையன் வங்காளதேசத்துக்காரன், காசு வாங்க மறுத்துவிட்டான். தலைக்கு மேலே தெருவின் பெயர்ப்பலகை இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: அஜ்யாத்.

"நன்னா சொன்ன கோட்டையோட பேர்ம்மா இது" என்றேன்.

"அப்படியா," என்று அம்மா பலகையைப் பார்த்தார்கள். "நம்ம ஊர் மணிக்கூண்டுக்கும் நாலு பக்கம் இருக்கத்தான் செய்யுது. ஆனா சுத்தி இருக்கிற கடையெல்லாம் தெரியும்ல. அதான்." அப்புறம் என்னைப் பார்த்து, "நீ ஏன் இப்படி வேர்த்துப்போயிருக்கே?"

18 ஜனவரி, சனி

நாளை மதீனா. ஊருக்குக் கொடுக்கச் சாமான் வாங்கினோம். தஸ்பீஹ், தொப்பி, பேரீச்சம்பழம். தங்கை புது வீட்டுக்கு ஒரு படம் கேட்டிருந்தாள், நன்னாவுடையதைப்போல.

கடையில் சுவர் முழுக்கப் படங்கள். பெரியது, சிறியது, தங்கச் சட்டம் போட்டது, விளக்கு எரிவது. எல்லாவற்றிலும் கஃபா, எல்லாவற்றிலும் பின்னால் மணிக்கூண்டு. கோட்டை இருக்கும் பழைய படம் கிடைக்குமா என்று கைஜாடையும் அரைகுறை இந்தியுமாகக் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறத்தில், பழசுபோலத் தோன்றும்படி அச்சிட்டது. அதிலும் மணிக்கூண்டு.

வேண்டாம், ஊரில் இருப்பதையே பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை. விளக்கு எரிகிற படத்தைக் கையில் எடுத்து, கஃபாவுக்குப் பக்கத்தில் மதாஃபில் ஓர் இடத்தைத் தடவிக் காட்டினார்கள்.

"இங்கேதான் நிழல் விழுந்துச்சு. இதையே கட்டச் சொல்லு."