லேபிளில் இடமில்லை

"இதைத் தேய்ச்சு எடுத்தது யாரு?" என்று படத்துக்குச் சட்டம் போடும் பெரியவர் கேட்டார். "லேபிளில் இடமில்லை" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. மூன்று வருடமாகியும் அது உறுத்துகிறது.

படம், அமெரிக்க ஓவியர் வெய்ன் தீபாடின் 'கேண்டி ஆப்பிள்ஸ்', 1987. மரக்கட்டையில் செதுக்கித் தாளில் எடுத்த அச்சு. குச்சி செருகிய மிட்டாய் ஆப்பிள்கள். அவர் வரைந்து தந்ததை வைத்துக் கியோட்டோவில் அச்சிட்டவர் தடாஷி தோடா. படத்தின் பக்கத்தில் மாட்ட நான் எழுதிய லேபிளின் முதல் வரைவில் அந்தப் பெயர் இருந்தது. அறுபது சொல்லுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டேன். சரி, பார்க்க வருகிறவர்கள் தீபாடைத் தேடித்தானே வருகிறார்கள்? பார்வை அவருடையது, ஆப்பிள் அவருடையது. ஆனால் 'பாப் கலைஞர்', அதாவது கடைச்சரக்கையும் விளம்பரத்தையும் கலையாக்குகிறவர், என்ற சொல்லை வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டம் தனக்குப் பொருந்தாது என்று அவரே சொல்லிவந்தார். அதற்கு இடம் இருந்திருக்கிறது.

பெரியவர் தாளை மெல்லத் திருப்பிக் காட்டினார். முன்பக்கத்துச் சிவப்பு, தாளின் நாருக்குள் ஊறி, பின்னால் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் வட்டவட்டமாகத் தேய்த்த தடம். மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தட்டால், ஈரத்தாளின் முதுகில் கையால் தேய்க்கிறார்கள். இயந்திரமே கிடையாது. நிறத்துக்கு நிறம் கட்டை மாறும். கட்டையில் வெட்டிய கென்தோ குறியில் தாளின் மூலை ஒவ்வொரு முறையும் பிசகாமல் உட்கார வேண்டும். எண்ணெய் வண்ணத்தைக் கேக்கின் மேல் கிரீம் மாதிரி அப்பியவர் தீபாட். இங்கே தாளின் மேல் வண்ணக்கனமே இல்லை, ஆனாலும் ஆப்பிள் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு யாருடையது?

பக்கத்து அறையில் பழைய ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'பேரலை' அச்சு. அதை அச்சிட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. பழைய ஜப்பானிய அச்சுகளில் வரைந்தவர் கையெழுத்தும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும்; செதுக்கியவரும் அச்சிட்டவரும் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். வழக்கம்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அங்கே பெயர் தொலைந்துபோனது. இங்கே கையில் இருந்த பெயரை நான் அடித்தேன்.

அப்புறம் இன்னொரு மரச்செதுக்கு அச்சு வந்தது. அச்சிட்டவர் பெயரை விடாப்பிடியாகக் கேட்டு லேபிளில் சேர்த்தேன். மனசு லேசானது. தொங்கவிட்ட பிறகுதான் கோப்பைப் புரட்டினேன். கட்டையைச் செதுக்கியவர் பெயரும் அதில் இருந்தது.