எழ முடியாதவளுக்காக வந்தவள்

கருவைக் காக்கும் கர்ப்பரட்சாம்பிகை குடியிருக்கும் திருக்கருகாவூருக்கு நேர்ந்துகொண்டவர் என் மாமியார். பேத்திக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்ற கவலையில், "பிள்ளை பிறக்கட்டும் தாயே, நானே தூக்கிவந்து உன் தங்கத் தொட்டிலில் போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். அப்போது அவர் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் நாலு நடை நடந்துகொண்டிருந்தவர். என் மகள் அம்பாள் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டு, நெய்ப் பிரசாதத்தை மாப்பிள்ளையோடு 48 நாள் சாப்பிட்டு, பிறகு மாதம் ஏற ஏற விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் பெண் குழந்தையைப் பெற்றெடுத்தாள். நேர்ந்துகொண்டவரோ இடையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை முடிந்து, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்.

"நாங்கள் போய்ப் போட்டுவிட்டு வருகிறோம் அத்தை, நீங்கள் வீட்டிலிருந்தே கும்பிடுங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் பேச்சில்லை.

மாப்பிள்ளைக்கு வேறொரு ஆசை. போவதுதான் போகிறோம், ஐந்து ஆரண்யத் தலங்களையும், அதாவது வனங்களாக இருந்த இடத்துச் சிவன் கோயில்கள் ஐந்தையும், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார். விடியலில் திருக்கருகாவூர், காலையில் அவளிவணல்லூர், உச்சியில் அரித்துவாரமங்கலம், சாயரட்சைக்கு ஆலங்குடி, அர்த்தஜாமத்துக்குத் திருக்கொள்ளம்பூதூர். புண்ணியம்தான், மறுக்கவில்லை. கைக்குழந்தையையும் இடுப்பு ஒடிந்த கிழவியையும் விடியலிலிருந்து அர்த்தஜாமம் வரை காரில் உருட்டுகிற புண்ணியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நான்கு பெயர்களை அடித்துவிட்டேன். ஒரே கோயில், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், குழந்தை பாலுக்கு அழும்போதெல்லாம் வண்டி நிற்கும். இதற்குச் சம்மதிப்பவர்கள் மட்டும் வரலாம் என்றேன். கேட்டதும், வேன் பிடித்து வருவதாக இருந்த சொந்தங்கள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அதற்கும் அம்பாளுக்கு ஒரு கும்பிடு.

குழந்தைக்குப் பத்தாவது வார ஊசி போட்டு, காய்ச்சல் விட்டபிறகு நாள் பார்த்தோம். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் முகூர்த்த நாளும் இல்லாத ஒரு தை மாதப் புதன். உச்சிவேளைக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். அதற்கு முன்பே பிராகாரத்துக் கல் சுட ஆரம்பித்துவிடும். ஆகவே வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிட வேண்டும் என்பது என் கண்டிப்பு.

பெரிய கவலை கோயிலில் இல்லை, வழியில் இருந்தது. எங்கள் அத்தை எங்காவது கிளம்ப வேண்டுமென்றால் முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் யாருக்கும் தொல்லை கொடுக்கக் கூடாதாம். வயதானவர்களை வெளியே அழைத்துப் போகும் எல்லாருக்கும் இந்தப் பிடிவாதம் தெரிந்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து திட்டை, மெலட்டூர் வழியாகத்தான் பாதை. மெலட்டூரில் உறவுக்காரர் வீட்டில் நாற்காலிபோல உட்காரும் கழிப்பறை இருக்கிறதென்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, "அங்கே இறங்குவோம், குடியுங்கள்" என்று டம்ளரைக் கையில் கொடுத்தேன். குடித்தார். திட்டையைத் தாண்டும்போது வண்டியிலிருந்தே வசிட்டேசுவரருக்கு ஒரு கும்பிடு போட்டோம்.

திருக்கருகாவூரில் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டது. ஒருவர் நெய்ப்பாட்டிலைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் பாட்டியைத் தானே தள்ளிக்கொண்டுபோய் அம்பாளுக்கு நேரே நிறுத்துவதாகச் சொல்கிறார். பிள்ளை வரம் கேட்டு வருகிறவளின் பதைப்பு இவர்களுக்கு வியாபாரம். மாப்பிள்ளை பர்ஸை எடுக்கப் போனார். நான் முறைத்ததில் அது உள்ளேயே போய்விட்டது.

நாற்காலியைக் கல் நிலைப்படியில் நேராக முட்டக் கூடாது. முன்சக்கரம் சிறியது, மாட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். திருப்பி நிறுத்தி, பெரிய பின்சக்கரத்தை முதலில் படியேற்றி, பின்னோக்கி இழுக்க வேண்டும். கீழே ஒருவர் நாற்காலியின் முன்சட்டத்தைத் தூக்கிப்பிடித்தால் போதும். அப்படித்தான் ஒவ்வொரு படியும் தாண்டினோம். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போகிறோமே என்று அத்தைக்குத் தாங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்.

கற்பகப் பிள்ளையாரையும் முல்லைவனநாதரையும் கும்பிட்டுக்கொண்டு அம்பாளிடம் வந்தோம். புற்றுமண் திருமேனி என்பதால் அபிஷேகமின்றிப் புனுகு சாத்திக்கொள்ளும் சுவாமி அவர். அவர் முன்னால் நிற்கும்போது எனக்கு எப்போதும் பேச்சு அடங்கிவிடும். அன்று மனமெல்லாம் அடுத்த சந்நிதியிலேயே இருந்தது.

புதன்கிழமையிலும் கூட்டம்தான். நிற்கிற எங்களுக்கு அம்பாள் தெரிகிறாள். நாற்காலியில் இருக்கிற அத்தைக்குத் தெரிவது புடவை முதுகுகளும் உயர்த்திப் பிடித்த கைபேசிகளும் மட்டும். "கொஞ்சம் வழி விடுங்கள், வயதானவர்" என்றால் ஒருவர் நகர, அந்த இடத்தில் இருவர் நுழைகிறார்கள். தீபாராதனைக்கு மணி அடிக்கத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்து இந்த மனுஷிக்கு மட்டும் காட்டமாட்டாயா என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன்.

முன்னால் நின்ற நிறைமாதக்காரி ஒருத்தி அப்போது திரும்பிப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற தன் அம்மாவின் கையைப் பிடித்து, "உட்காரும்மா" என்று இழுத்தாள். நிறைமாதக்காரியே உட்கார்ந்தபிறகு மற்றவர்கள் எப்படி நிற்பார்கள்? பின்வரிசை உட்கார்ந்தது, அதற்கடுத்த வரிசையும் உட்கார்ந்தது. கற்பூர வெளிச்சத்தில், என் மாமியாரின் கண்ணுக்கு நேரே, குறுக்கே ஒரு தலைகூட இல்லாமல் கர்ப்பரட்சாம்பிகை நின்றாள்.

"வந்துவிட்டேன் தாயே" என்றார் அத்தை. வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஊர்க் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நித்துருவர் வீட்டில் இல்லாத வேளை, ஊர்த்துவபாத முனிவர் பிச்சைக்கு வந்து நிற்க, கர்ப்பக் களைப்பில் நித்துருவரின் மனைவி வேதிகையால் எழுந்து வர முடியவில்லை. முனிவருக்குக் கோபம், சாபம், கலைந்த கரு. அம்பாள் ஓடிவந்து அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காத்து நைதுருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுத்தாள். இதைக் கரு காத்த கதையாகத்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்குப் பட்டது: வாசலில் நின்ற தவசிக்காக இவள் வரவில்லை, உள்ளே எழ முடியாமல் கிடந்தவளுக்காக வந்தாள். என் மாமியாரை அவளுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தொட்டிலில் இட்டதும் குழந்தை வீறிட்டது. அத்தை நாற்காலியை ஒட்டி நகர்த்தச் சொல்லி, நரம்பு புடைத்த வலது கையால் தொட்டிலின் விளிம்பைப் பிடித்து, ஆட்டியும் ஆட்டாமலும் அசைத்தார். அழுகை விக்கலாகி, விக்கல் கொட்டாவியாகி, கடைசியில் மகாராணி தங்கத் தொட்டிலையே நனைத்துவிட்டாள். என் மகள் பதறிப்போய்ச் சுற்றியிருந்த துணியை உருவினாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். "அம்பாள் பார்க்காத மூத்திரமா?" என்றார் அத்தை. இடுப்பு ஒடிந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தாயே, உனக்கு என்ன கைம்மாறு செய்வேன். பிள்ளையைக் கொடுத்தாய், அதைத் தொட்டிலிட வந்த கிழவிக்குச் சிரிப்பையும் திருப்பிக் கொடுத்தாய்.

அந்த நிறைமாதக்காரியைத் தேடினேன். போய்விட்டிருந்தாள். அவளுக்கும் சுகப்பிரசவம் ஆகட்டும் என்று அவள் பெயர் தெரியாமலேயே ஒரு அர்ச்சனை செய்தோம்.

திரும்பும் வழியில் அத்தை சுவாமிமலைப் பேச்சை எடுத்தார். முதல் மொட்டை அங்கேதான் போட வேண்டுமாம். அங்கே அறுபது படி, தமிழ் வருடத்துக்கு ஒன்றாக. கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதி வரைதான் உங்களை அழைத்துப்போக முடியும் என்றேன். "நீ போய் உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையிடம் மஞ்சள் துணியும் ஒரு ரூபாய் நாணயமும் கேட்டு வாங்கி, மெலட்டூர் வருவதற்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.